டர்னிப்பின் நான்காவது ஹார்னஸ்

அப்பா வருவதற்கு இன்னும் இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம் இருந்தது. பதினொரு நாள் என்றும் சொல்லலாம். மணியாகச் சொன்னால் நிறைய இருப்பதுபோல் தோன்றியது.

அவர் என் நாய்க்குட்டியை எடுத்துப்போக வருகிறார். எடுத்துப்போகச் சொன்னது நான்தான். டிசம்பர் முதல் வாரத்தில், தாடையில் மூன்று தையலோடு போன் செய்து சொன்னேன். இப்போது தையல் பிரித்தாயிற்று. மனமும் மாறிவிட்டது. குட்டியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அப்பாவிடம் இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்குப் பயந்து நான் நாய்க்கு மார்பிலும் தோளிலும் மாட்டும் வார்க்கட்டை, ஹார்னஸை, வாங்கிக்கொண்டிருந்தேன்.

திட்டம் இதுதான். குட்டி டர்னிப் கயிற்றை இழுக்காமல் என் பக்கத்தில் ஒழுங்காக நடப்பாள். அப்பா பார்ப்பார். பார்த்ததும், "நல்லாத்தானே நடக்குறா, நீயே வச்சுக்கோ" என்பார். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. உயிரியலில் பட்டம் வாங்கிய மூளை, பல நாள் யோசித்து, இதைத்தான் கண்டுபிடித்தது.

எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. ஈலி என்ற சிற்றூருக்கு வடக்கே, காட்டுக்குள், அப்பா நாய்கள் இழுக்கும் பனிவண்டிப் பந்தயத்துக்கு நாய் வளர்க்கிறார். முப்பது நாய்கள் ஓயாமல் ஊளையிடும் இடத்தில் மனிதர்கள் பேசாமல் இருப்பது ஒருவகை மரியாதை. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே வார்த்தைதான்: ரைட்டு. சாப்பாடு வைத்தாயிற்றா, ரைட்டு. சித்தப்பா காலை உடைத்துக்கொண்டார், ரைட்டு. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தை அப்பா இரண்டு முறை படித்தார், மடித்தார், "ரைட்டு" என்றார். அது பாராட்டு. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வார்த்தை மட்டும்தான் எனக்கு வந்த குடும்பச் சொத்து. டுலூத் நகரில் ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். "திங்கக்கிழமையே சேர முடியுமா?" என்றார்கள். "ரைட்டு" என்றேன். வீடு பார்க்கப் போனேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி திருமதி வுக்கெலிச், "மாடியில வெந்நீர் கொஞ்சம் லேட்டா வரும்மா" என்றார். "ரைட்டு" என்றேன். செப்டம்பரிலிருந்து குடியிருக்கிறேன். வெந்நீர் இன்னும் வரவில்லை.

அக்டோபரில் அப்பா தீவனம் வாங்க ஊருக்கு வந்தார். வண்டியின் முன் இருக்கையிலிருந்து ஒரு நான்கு மாதக் குட்டியை இறக்கினார்.

"ஜூன்ல போட்டது. இந்தத் தடவ ஈத்து முழுக்க கிழங்குப் பேரு. இவ டர்னிப்."

ஒவ்வொரு ஈத்துக்கும் ஒரு வகைப் பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருடம் ஆணி, சுத்தி, ரம்பம்.

"ஊர்ல தனியா இருக்க. இது கூட இருக்கட்டும்," என்றார்.

"ரைட்டு," என்றேன்.

இப்படித்தான் எனக்கு நாய் வந்தது.

வளரும் குட்டி என்பதன் பொருள் எனக்கு ஏட்டளவில் தெரியும். நேரில் அது வேறு. ஒரு திங்கட்கிழமை பொருந்திய வார் அடுத்த திங்கட்கிழமை விலாவைப் பிடிக்கும். கால்கள் முதலில் நீண்டன, பிறகு மார்பு இறங்கியது, இடுப்பு மட்டும் குளவி இடுப்பாகவே நின்றது. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டினால் இழுத்து இழுத்து இருமினாள். குரல்வளை கெட்டுவிடும் என்று பயந்து முதல் ஹார்னஸ் வாங்கினேன்.

சிவப்பு நிறம். உள்ளே மெத்தை வைத்துத் தைத்தது. கயிறு மாட்டும் வளையம் முதுகில் இருந்தது. அதைப் போட்டதும் டர்னிப்புக்குக் கண்கள் பளபளத்தன. தோளைத் தாழ்த்தினாள். எங்கள் தெரு ஏரியைப் பார்த்துச் செங்குத்தாக இறங்குகிற தெரு. டிசம்பரில் அதன் நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. நான் வயிற்றால் இறங்கினேன். தாடையில் தையல் போட்ட மருத்துவர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நாயை நடக்கக் கூட்டிப்போனேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வழுக்கிவிட்டது என்றேன்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. முதுகில் கயிறு மாட்டினால் நாய் முழு உடம்பையும் வைத்து இழுக்கும். வண்டி இழுக்கும் நாய்க்குக் கயிற்றை அங்கேதான் மாட்டுகிறோம், இன்னும் கொஞ்சம் பின்னால். என் அப்பா குளிர்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அந்த ஹார்னஸ்களைத் தன் கையால் தைப்பவர். அவை தொங்கும் ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் பள்ளிப் பாடம் படித்தேன். தலையை ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தால் மூன்று தையல் மிச்சமாகியிருக்கும்.

அன்றுதான் போன் செய்தேன்.

"முடியலப்பா. இழுக்குறா."

"ம். ஜனவரி கடைசியில பந்தயத்துக்கு அங்க வருவேன். அப்ப எடுத்துட்டுப் போயிடுறேன்."

"ரைட்டு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். டர்னிப் என் பனிக்காலணி மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். நான் எங்காவது போவதென்றால் தனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று தினமும் அப்படிப் படுப்பாள். ஆறு வாரம் அந்தக் காலணியைப் பார்த்தேன், மனம் மாறிவிட்டது. அது மட்டுமில்லை. செப்டம்பரில் இந்தத் தெருவில் எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. டர்னிப் என்னை ஒவ்வொருவர் மீதும் கொண்டுபோய் மோதியதில் இப்போது ஏழெட்டுப் பேர் பெயர் தெரியும். எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்கள். வுக்கெலிச்சம்மா தினமும் காலையில் பனி வாரிக்கொண்டே சொல்வார்.

"ஏம்மா, நாய நீ கூட்டிட்டுப் போறியா, நாய் உன்னக் கூட்டிட்டுப் போகுதா?"

நான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பேன். அந்தச் சிரிப்புகூட எனக்கு வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் என்னோடு பேசுவது பெரும்பாலும் குடுவைகள்தான்.

ஆகவே, அப்பா வருவதற்குப் பதினொரு நாள் முன்பு, இரண்டாவது ஹார்னஸ் வாங்கக் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண் கோராவுக்கு என் வயதுதான் இருக்கும். ஆனால் யாரிடமும் பேசுவாள். அது எனக்கு மந்திரவித்தை மாதிரி.

"இழுக்குறாளா? அப்ப முன்னாடி வளையம் வச்சதுதான் வேணும். மார்புல மாட்டுறது. இவ இழுத்தா உடம்பு தானா பக்கவாட்டுல திரும்பிடும், போக முடியாது. என்ன ஜாதி?"

பனிவண்டி நாய் என்றால் உடனே, யார் வளர்த்தது, எந்தப் பந்தயம், அப்பா பேர் என்ன என்று கேள்வி வரும். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வேறு நின்றார்கள்.

"கலப்பு," என்றேன்.

"லாப்ரடாரா?"

"ரைட்டு."

"எத்தன பவுண்டு?"

"நாப்பத்தேழு."

"அப்ப மீடியம். கச்சிதமா இருக்கும் பாருங்க."

லாப்ரடாருக்குக் கச்சிதமாக இருந்திருக்கும். லாப்ரடாரின் மார்பு பீப்பாய். டர்னிப்பின் மார்பு கப்பலின் முன்பக்கம்: ஆழம் உண்டு, அகலம் இல்லை. மறுநாள் காலை அவள் நடுத்தெருவில் நின்று, கொஞ்சம் யோசித்து, இரண்டடி பின்வாங்கினாள். ஹார்னஸ் சட்டை மாதிரி தலைவழியாகக் கழன்று வந்தது. என் கையில் கயிறும் கயிற்றின் நுனியில் ஒரு வெற்று ஹார்னஸும். டர்னிப் திறந்திருந்த கதவு வழியாக வுக்கெலிச்சம்மாவின் சமையலறைக்குள் போனாள். நான் போய்ச் சேர்ந்தபோது தட்டில் இருந்த நான்கு சாசேஜில் அரை சாசேஜ் பாக்கி.

"இன்னைக்கு உன்ன விட்டுட்டுத் தனியா வந்துட்டாளே!" என்றார் வுக்கெலிச்சம்மா.

"மன்னிச்சிடுங்க."

"அட, இவதான் என் வீட்டுக்கு வந்த மொத ஆளு இந்த வாரம். உக்காரு, காபி குடி."

"இல்ல, வேல இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ஆய்வகத்துக்கு விடுமுறை. எனக்கு என்ன வேலை இருந்தது என்று படியேறும்போது யோசித்துப் பார்த்தேன். நாயைக் குளிப்பாட்டலாம் என்றால் வெந்நீர் இல்லை.

ஹார்னஸைத் திருப்பிக் கொடுக்கலாம். ரசீது இருந்தது. ஆனால் கோரா, "ஏன், சேரலயா?" என்று கேட்பாள். லாப்ரடார் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். பொய்யைத் திருத்துவதைவிட இன்னொன்று வாங்குவது எனக்கு எளிது. மூன்றாவதை வேறு கடையில் வாங்கினேன்.

அது இழுத்தால் இறுகும் வகை. மெல்லிய வார்கள் முன்னங்கால்களுக்கு அடியில் ஓடும். இழுத்தால் அக்குளைப் பிடிக்கும், நாய் நின்றுவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. டர்னிப் நிற்கவில்லை. இரண்டாம் நாள் மாலை கழற்றும்போது பார்த்தேன், இரண்டு அக்குளிலும் முடி தேய்ந்து தோல் சிவந்திருந்தது. அவள் முனகவும் இல்லை, நக்கவும் இல்லை. வலித்தும் இழுத்திருக்கிறாள். அந்த ஹார்னஸைக் கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அன்றிரவு அவளுக்குக் களிம்பு தடவியபோது நான் பேசிய பேச்சு, இந்த ஊருக்கு வந்தபின் நான் பேசியதிலேயே நீளமானது.

பிறகுதான் எனக்கு நான் படித்தது நினைவுக்கு வந்தது. அளந்து பார்க்கலாமே.

தையல் நாடாவால் கழுத்தின் அடியை அளந்தேன். முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்பின் ஆழமான இடத்தைச் சுற்றி அளந்தேன். அவள் மூச்சை இழுத்தபோது ஒருமுறை, விட்டபோது ஒருமுறை. நான்காவது ஹார்னஸ் மார்பில் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி பிரிவது. தோள் தாராளமாக அசையும். அக்குளிலிருந்து மூன்று விரல் தள்ளி வார் ஓடும். கழுத்திலும் விலாவிலும் கீழேயும் தனித்தனியாகத் தளர்த்தலாம், அதனால் இவள் வளர வளர அதுவும் வளரும். வளையம் மார்பு எலும்பின் நடுவில். எல்லா வாருக்கும் அடியில் இரண்டு விரல் நுழைந்தது, மூன்றாவது நுழையவில்லை. பின்வாங்கவைத்துப் பார்த்தேன். கழலவில்லை. முதல்முறையாக ஒன்றை அளவெடுத்து வாங்கியிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

வெளியே போனோம். இழுத்தாள்.

முன்புபோல் நேராக இழுக்க முடியவில்லை. மார்பு வளையம் அவளைத் திருப்பியது. திரும்பி என்னைப் பார்ப்பாள். "ரைட்டு, ரைட்டு, மெதுவா" என்பேன். மறுபடியும் பாய்வாள். திரும்புவாள். "ரைட்டும்மா, ரைட்டு" என்பேன். பாய்வாள். பார்ப்பவர்களுக்கு நாங்கள் இருவரும் நடனம் பழகுவதுபோல் இருந்திருக்கும்.

எவ்வளவு இழுக்கிறாள் என்று தெரிந்தால் காரணம் பிடிபடும் என்று நினைத்தேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல் என்னிடமும் மீனைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் ஒரு வில் தராசு உண்டு. அதைக் கயிற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நடந்தேன். முள் விசித்திரமாக ஆடியது. அவள் பாட்டுக்கு மோந்துகொண்டு போகும்போது முள் அசையவே இல்லை. நான் சமாதானப்படுத்த ஆரம்பித்ததும் ஏறியது. எவ்வளவுக்கு அன்பாகச் சமாதானப்படுத்தினேனோ அவ்வளவுக்கு ஏறியது.

எந்த முதலாண்டு மாணவியும் இதைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லியிருப்பாள். நான் தராசு பழுது என்று முடிவு செய்தேன்.

"என்னம்மா, நாயப் புடிச்சு எடைக்குப் போடப்போறியா?" என்றார் வுக்கெலிச்சம்மா.

அப்பா வர நான்கு நாள் இருந்தபோது அது நடந்தது. மாலை. ஹார்னஸ் உடம்புக்குப் பழகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே டர்னிப்புக்கு மாட்டிவிட்டிருந்தேன். கயிற்றின் மறுமுனையை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையில் சுற்றியிருந்தேன். சக்கரம் வைத்த நாற்காலி. டர்னிப் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஆய்வகத்தில் என் மேலதிகாரி.

"ஐலி, சனிக்கிழம ஏரியில தண்ணி எடுக்கப் போறோம். பனிக்கட்டியில துளை போடணும். நீயும் வர்றியா?"

"ரைட்டு," என்றேன்.

அடுத்த கணம் நான் சமையலறையில் இருந்தேன். நாற்காலியும் இருந்தது. இடையில் ஒரு விளக்கு இருந்தது, இப்போது இல்லை.

"என்ன சத்தம்?" என்றார் மேலதிகாரி.

"நாற்காலி."

"சரி, சனிக்கிழம பாப்போம்."

போனை வைத்தேன். டர்னிப் குளிர்பெட்டியின் முன்னால் நின்று, நாக்கைத் தொங்கவிட்டு, காதுகளை விறைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தாள். கட்டளைக்குக் காத்திருக்கும் முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அப்பாவின் பனிவண்டிக்கு முன்னால் பன்னிரண்டு நாய்களிடம் பார்த்திருக்கிறேன்.

நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். உட்கார்ந்தேன்.

"சரி," என்றேன். டர்னிப் கண் சிமிட்டினாள்.

"ஆகட்டும்," என்றேன். ஒன்றுமில்லை.

"முட்டைக்கோஸ்." தலையைச் சாய்த்தாள்.

மெதுவாக, கிசுகிசுப்பாக, "ரைட்டு."

குளிர்பெட்டி வரை போய் வந்தோம்.

முடிவை நம்பவேண்டுமானால் மூன்று முறையாவது செய்து பார்க்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். மூன்றாவது முறை அடுப்பிலிருந்த சூப் போயிற்று.

தரையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மற்ற பனிவண்டி ஓட்டிகள் கத்துவார்கள், சாட்டை மாதிரி கூவுவார்கள். என் அப்பா கத்தமாட்டார். வண்டியை நிறுத்திவைக்கும் கொக்கியைப் பனியிலிருந்து பிடுங்கி, பின்னால் ஏறி நின்று, அடுப்படியில் பேசும் அதே குரலில் "ரைட்டு" என்பார். பன்னிரண்டு நாய்களும் கிளம்பும். பனி இல்லாத மாதங்களில் சக்கர வண்டியில் பழக்குவார், அப்போதும் அதே வார்த்தைதான். டர்னிப் பிறந்ததிலிருந்து நான்கு மாதம், காலை தோறும், கம்பிவேலிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். அந்த வார்த்தை விழுந்தால் பெரியவர்கள் எல்லோரும் ஓடுகிறார்கள். இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் பள்ளியிலும் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் அவளை ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே ஒருத்தி காலையிலிருந்து மாலை வரை ஓடு, ஓடு என்கிறாள். ஓடினால் கீழே விழுகிறாள். எழுந்து மறுபடியும் ஓடு என்கிறாள். குட்டி என்ன நினைத்திருக்கும்? பாவம், வண்டியோட்டத் தெரியாதவள், ஆனால் விடாமுயற்சி உள்ளவள் என்று நினைத்திருக்கலாம்.

நான்கு ஹார்னஸ். மூன்று தையல். குறை அவள் உடம்பில் மாட்டும் வாரில் இருக்கிறது என்று நான் கடைகடையாக ஏறினேன். மாட்டவேண்டிய இடம் என் வாய்.

மறுநாளிலிருந்து ஊமையானேன். எனக்கு அது சிரமமான வேலை இல்லை. அந்த ஒரு வார்த்தையை நிறுத்தினால் நான் ஏறக்குறைய ஊமைதான். டர்னிப் கொஞ்சம் முந்துவாள். மார்பு வளையம் அவளைத் திருப்பும். நான் நிற்பேன். அவள் திரும்பி வருவாள். கயிறு தொய்ந்ததும் நடப்போம். முதல் நாள் தெருமுனைக்குப் போக அரை மணி ஆனது. மூன்றாம் நாள் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். தராசை மாட்டிப் பார்த்தேன். முள் தூங்கியது. ஹார்னஸ் நல்ல ஹார்னஸ்தான். பாவம், இவ்வளவு நாள் அதை நான்தான் வேலை செய்ய விடவில்லை.

வழியில் கோரா எதிரே வந்தாள். "அட, லாப்ரடார்!" என்றாள். டர்னிப்பை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த ஊர் லாப்ரடாருங்க இது?"

பதில் தெரியும். வாயில் வந்தது ஒரே வார்த்தை, அதைச் சொல்ல முடியாது. முதல்முறையாக வேறு சொல் தேட வேண்டியிருந்தது.

"பொய் சொல்லிட்டேன்," என்றேன். "வண்டி நாய். பயமா இருந்துச்சு."

"என்னப் பாத்தா?" என்று சிரித்தாள். "அந்த மீடியத்தக் கொண்டாங்க, மாத்தித் தரேன்."

இவ்வளவுதானா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவின் வண்டி தெருவில் ஏறி வந்தது. பின்னால் மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் துளை, ஒவ்வொரு துளையிலும் ஒரு மூக்கு. ஒரு பெட்டி மட்டும் காலி. புது வைக்கோல் போட்டிருந்தது.

"என்னம்மா," என்றார்.

"வாங்கப்பா."

"தாடை ஆறிடுச்சா?"

"ம்."

பேச வேண்டியதெல்லாம் பேசியாயிற்று. நான் டர்னிப்பின் கயிற்றை எடுத்தேன். ஏரிப் பக்கம் தலையைக் காட்டினேன். அவர் கூட வந்தார்.

அன்றைக்கு டர்னிப் நடந்ததைப் பார்த்தால் அவளுக்குப் பதக்கம் கொடுக்கலாம். பனிக்கட்டியில் என் முழங்காலை உரசிக்கொண்டு வந்தாள். ஓர் அணில் குறுக்கே ஓடியது. முந்தினாள், வளையம் திருப்பியது, வந்துவிட்டாள். அப்பா பார்த்துக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் குனிந்து, மார்பு வாருக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். தோளை அசைத்துப் பார்த்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு அளந்தது?"

"நான்தான்."

"தச்சவன் தோள நல்லா விட்டிருக்கான்," என்றார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைப் பாராட்டும் குரல்.

வீட்டு வாசலுக்கு வந்தோம். வுக்கெலிச்சம்மா பனி வாரியோடு நின்றார். நான் அப்பாவின் வாயையே பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார். நல்லாத்தானே நடக்குறா, நீயே வச்சுக்கோ.

அப்பா டர்னிப்பை நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல தல இவளுக்கு. இவ்வளவு நிதானம் பெரிய நாய்க்கே வராது," என்றார். "முன்னாடி ஓட விடலாம். அடுத்த வருஷம் இவதான் என் வண்டிய நடத்துவா."

என் திட்டம் அருமையாக வேலை செய்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே. நாயை எனக்காகப் பேசவைத்தேன். அது பேசி, தனக்கு வேலை வாங்கிக்கொண்டது.

அப்பா காலிப் பெட்டியின் கதவைத் திறந்தார். வைக்கோலைக் கையால் பரப்பினார். பந்தயத்துக்குப் பதிவு செய்ய நேரமாகிறது. கடிகாரத்தைப் பார்த்தார். என் பக்கம் கையை நீட்டினார், கயிற்றை வாங்க.

"ரைட்டு," என்றார். "கெளம்புறேன்."

டர்னிப் கிளம்பினாள்.

மூன்று நாளாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். தோள் தாழ்ந்தது. மார்பு வளையம் அவளைத் திருப்பியது. அவள் திரும்பிய பக்கம் இறக்கம். பெட்டிகளில் இருந்த எல்லா மூக்குகளும் அதே வார்த்தையைக் கேட்டு ஊளையிட்டன, வண்டியே ஆடியது. நான் உட்கார்ந்த நிலையில், கயிற்றை விடாமல், வுக்கெலிச்சம்மா வாரிக் குவித்திருந்த பனிக்குவியல் வரை போனேன். குவியல் என்னை ஏற்றுக்கொண்டது. தொப்பி இல்லை. கழுத்துக்குள் பனி. டர்னிப் மேலே ஏறி நின்று, அடுத்த கட்டளைக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தார் வுக்கெலிச்சம்மா, "நாய நீ கூட்டிட்டு..."

அவராலேயே முடிக்க முடியவில்லை. சிரிப்பு.

அப்பா இறங்கி வந்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. மெதுவாகப் புரிந்துகொண்டு வந்தார்.

"நீ இவகிட்ட அந்த வார்த்தையவா சொல்லிட்டிருந்த?"

"நான் எல்லார்கிட்டயும் அதத்தானப்பா சொல்றேன்."

"ஹார்னஸ் எத்தன வாங்கின?"

"நாலு."

அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு. சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். பனியில் ஒரு காலை ஊன்றி நின்று அப்படிக் குலுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கை கொடுத்து என்னைத் தூக்கினார். முதுகில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார்.

"இழுக்கப் பொறந்ததும்மா இது. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்," என்றார். "கொடு. பெட்டியில ஏத்திடுறேன். என்ன?"

பதில் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாக அதே பதில்தான். கேள்வி முடிவதற்குள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ர-வுக்காக நாக்கு மடங்கிக்கூட விட்டது.

டர்னிப் காதை விறைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். பெட்டிகளிலிருந்து பதினான்கு மூக்குகள் காத்திருந்தன. கீழே ஏரி வரைக்கும் பனிக்கட்டி. அந்த வார்த்தையைச் சொன்னால் நான் எங்கே போய் நிற்பேன் என்று தெரியாது. வேறு வார்த்தை என்னிடம் இருக்கிறதா என்று தேடினேன். அப்பா கையை நீட்டியபடி நின்றார். வுக்கெலிச்சம்மா வாரியில் சாய்ந்துகொண்டு, வேடிக்கை பார்ப்பதை மறைக்கக்கூட முயலவில்லை.

கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"இல்லப்பா," என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "இவ எனக்கு வேணும்."